அண்ணம் பிளந்த குட்டி

14-8-1955, ஞாயிறு

நெல் சேர்த்து வைக்கும் கொம்பறைக்கு அடியில் எங்கள் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. கடைக்குட்டியால் முலையை உறிஞ்ச முடியவில்லை. பஞ்சில் பால் நனைத்துப் பருக்கினேன், மூக்கால் வந்துவிட்டது. வாயைத் திறந்து பார்த்தேன். மேலண்ணம் நடுவே பிளந்து கிடக்கிறது.

மாமி எட்டிப் பார்த்தா. "கிரகணத்தண்டு இந்தப் பூனை முத்தத்திலயெல்லோ திரிஞ்சது!" அதோடு விட்டாவா? "வயித்துப் பிள்ளையோட நீ இதைப் பார்க்கக்கூடாது. என்ர மகன் மயில்வாகனம் வந்த உடன வாய்க்காலில விடச் சொல்லு."

இதென்ன கதை! ஆனிமாதக் கிரகணத்துக்கு என்னை அறைக்குள் பூட்டி, யன்னலுக்குச் சாக்குக் கட்டி, ஒரு மிடறு தண்ணீர்கூடத் தராமல் வைத்திருந்தவ. வாய் பேசாமல் கிடந்தேன். இப்போது பூனையையும் பூட்டியிருக்க வேண்டுமாம். அப்படியென்றால் அதே வயிற்றில் கிடந்த மற்ற இரண்டும் எப்படித் தப்பின? கேட்டேன். "உனக்கு வாய் கூடிப்போச்சு" என்பதுதான் பதில்.

15-8

இவரும் தாயின் பக்கம். "பூனைக்கு வைத்தியமோ? சனம் சிரிக்கும்." சிரிக்கட்டும்!

16-8

குட்டியைக் கடகத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி மாட்டு டாக்குத்தரின் கந்தோருக்குப் போனேன். அவர் குட்டியின் வாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "நாங்கள் மாடு, எருமை பார்க்கவே நேரம் காணாது, தங்கச்சி." வாசலில் நின்றவர்களுக்கு ஒரே சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன், பூனைக்குப் பசிக்காதோ? கொம்பறை நெல்லை எலி தின்னாமல் காப்பது ஆர் — எருமையோ?

18-8

இரண்டு நாளாகத் துளித்துளியாகப் பருக்கியும் பாதி மூக்கால் போகிறது. குட்டி வெறும் தோலும் எலும்பும்.

இன்று எங்கள் குடியேற்றத்துக்கு டாக்குத்தர் எருமைகளுக்கு ஊசி போட வந்தார். ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று எல்லாரும் விடியவே எருமைகளைக் காட்டுக்குள் துரத்திவிட்டார்கள், இவரும்தான். டாக்குத்தர் வெறும் பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நேரே போனேன். "எங்கட எருமையளைப் பிடிச்சுக் கட்டித் தாறம் ஐயா. முதல் இந்தக் குட்டியைப் பாருங்கோ."

இவர் பல்லைக் கடித்தார். கடிக்கட்டும். எருமைகள் வந்தன.

டாக்குத்தர் இம்முறை வாயைத் திறந்து பார்த்தார். "தைக்கலாம். ஆனா இப்ப ஏலாது, வளரவேணும். அதுவரை உயிரோட வைச்சிருக்கிறது உங்கட கெட்டித்தனம்." தலையை நிமிர்த்திப் பிடித்து, பேனைக்கு மை விடுகிற குழாயால், கன்னப்பக்கமாகத் துளித்துளியாகப் பருக்கிக் காட்டினார். கிரகணத்தாலோ என்று கேட்டேன். "ஒரு சம்பந்தமும் இல்லை." மாமிக்குக் கேட்கட்டும் என்று இன்னொரு முறை உரக்கச் சொல்லச் சொன்னேன்.

2-9

எருமைகளுக்குப் பால் வற்றவில்லை. இவர் முன்போலவே செம்பு நிறையக் கறந்துகொண்டு வருகிறார்.

27-11

போன மாதம் டாக்குத்தர் குட்டியின் அண்ணத்தைத் தைத்த இடம் ஆறிவிட்டது. கருவாட்டுத் தலைக்கு என் காலைச் சுற்றுகிறது. மாமி இன்னும் அதை என் கண்ணில் படாமல் விரட்டுகிறா.

28-12

ஆண் பிள்ளை. அண்ணம் பிளந்திருக்கிறது.

மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதா. "பூனையைப் பார்க்காதை, பார்க்காதையெண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான்!"

எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன். "கிரகணத்துக்குப் பூட்டினனீங்கள், இருந்தனான். இப்ப பூனையிலயோ பழி? சொல்லுங்கோ, இவனையும் வாய்க்காலில விடுறதோ?"

பிறகு நானும் அழுதேன். ஆத்திரம், வேறென்ன. வளர்ந்ததும் யாழ்ப்பாணத்தில் தைக்கலாம் என்று மருத்துவிச்சி சொல்லிப் போனா. அதுவரை? முலையில் வாய் வைக்கிறான், உறிஞ்ச முடியாமல் கத்துகிறான்.

29-12

காலையில் இவர் கடைக்குப் போய் மை விடுகிற புதுக் குழாய் ஒன்று வாங்கி வந்தார். நான் கேட்கவில்லை. மாமி அதைக் கொதிதண்ணீரில் போட்டெடுத்து, நான் பீய்ச்சி வைத்த பாலோடு வந்து பாயில் இருந்தா.

"பத்மாசனி... எந்தப் பக்கத்தால விடுறது?"

அவவில் எனக்கு இன்னும் கோபம்தான். ஆறாது.

"கன்னப்பக்கத்தால, மாமி. தலையை நிமித்திப் பிடியுங்கோ."

பிள்ளை விழுங்கினான். மூக்கால் ஒன்றும் வரவில்லை.