இரண்டு தலை, ஒரே சுருள்

ஏப்ரல் 28, திங்கள்

தலைமுடியைப் பற்றிப் புலம்ப ஒரு புது நோட்டை எடுத்திருக்கிறேன். நோட்டிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். வேறு யாரிடம் சொல்வது? காலையில் முக்கால் மணி நேரம் ஸ்ட்ரெய்ட்னரால் இழுத்தேன். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் புழுக்கம் தன் வேலையைக் காட்டிவிட்டது. பரிசோதனைக் கூடத்துக்குள் நுழையும்போது நெற்றியோரமெல்லாம் பழையபடி சுருண்டு நின்றது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். அங்கே எல்லோர் தலையும் படிந்து கிடக்கிறது, என்னுடையதைத் தவிர.

அக்கா கருவியைப் பார்த்துவிட்டாள். "ஏண்டி, நான் துணிக்குத்தான் இஸ்திரி போடுறேன். நீ தலைக்கே போடுறியா?"

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, சலவையகத்தில் நாளெல்லாம் நீராவியில் நிற்கிறவள். அவளுக்கும் இதே முடி.

மே 1, வியாழன்

அக்கா பிடித்து உட்காரவைத்தாள். "காய்ஞ்ச முடியில சீப்பு வைக்காதே. ஈரத்துல, நுனியிலேர்ந்து மேல வா." ஆளி விதையை வேகவைத்து வடித்த கொழகொழப்பைத் தடவி, உள்ளங்கையில் அள்ளி அள்ளிக் கசக்கினாள். துண்டைத் தொடவிடவில்லை. பழைய பனியனால் ஒற்றினாள். "ஈரக்காத்தோட மல்லுக்கட்ட முடியாதுடி. ஒத்துப்போயிடணும்."

காய்ந்தபின் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக விழுந்தது. அழகாகத்தான் இருந்தது.

மே 2

மறுபடி ஸ்ட்ரெய்ட்னர். முன்பக்கம் ஒரு கற்றை கருகி நாறியது.

மே 6, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை.

எங்கள் வெள்ளைக் கோட்டுகளை அக்காவின் சலவையகத்திலிருந்து கொண்டுவரும் வண்டிக்காரருக்குக் காய்ச்சல். மூட்டையோடு அக்கா வந்தாள். வேர்த்து வழிந்து, முடி இரண்டு பங்காக விரிந்து. அந்நேரம் என் முடியும் சுருண்டுதான் இருந்தது. வரவேற்பறைப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் அச்சு அசலா ஒரே முடி! சொந்தமா?"

"இல்ல. ஒரே தெரு" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாய்தான். ஒரே தெருவாம்! ஒரே சீப்புல தலை வார்றவங்க நாங்க—

அக்கா மூட்டையை இறக்கினாள். ரசீதை என்னிடம் நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க மேடம்."

மேடம்.

மே 7

அக்கா வழக்கம்போல எனக்குச் சோறு போட்டாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

மே 9, வெள்ளி

வண்டிக்காரர் தேறும்வரை அக்காதான் வருவாளாம். இன்று சலவையகத்துத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தாள். ஒரு முடி வெளியே தெரியவில்லை. வரவேற்பறைப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் கேட்டேன். "வெளிய வரும்போதும் எதுக்கு அது? வேர்க்காதா?"

"முடி பறக்குது. அதான்."

கழற்றியபோது நெற்றியில் சிவப்பாக ஒரு தடம். சுருளெல்லாம் நசுங்கி, ஈரமாக மண்டையோடு ஒட்டிக் கிடந்தது. இந்தப் புழுக்கத்துல, காத்தே படாம... எனக்காக. அந்தத் தடத்துக்கு எதிரே உட்கார்ந்து நான் எப்படிச் சாப்பிட்டேன்?

மே 12, திங்கள்

கருவியைத் தொடவில்லை. ஈரத்தில் வாரி, அப்படியே போனேன். நேராக வரவேற்பறைப் பெண்ணிடம் போய் நின்றேன்.

"அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். அவங்க என் கூடப்பிறந்த அக்கா."

"தெரியாதா எனக்கு? மூக்குகூட அதேதானே" என்று சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள்.

அவ்வளவுதான். தெரிந்துகொண்டே ஆறு நாளாக என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறாள். யாரை ஏமாற்றினேன் நான்?

அக்கா, நீ இன்னும் வேலை விட்டு வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. அதனால் இந்த நோட்டை உன் தலையணைமேல் திறந்து வைக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து படி. மன்னிக்கச் சொல்ல எனக்கு முகமில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

நாளைக்குத் தொப்பி போடாம வாக்கா.