உயர வரிசையில் நின்ற தகடுகள்

21 நவம்பர் 1991, வியாழன்

அம்பாசிடரின் பின் அச்சு பிரித்தது பிரித்தபடி கிடக்கிறது. மகள் ஸ்டெல்லாவுக்கு இது நிறைமாதம். என்றைக்கு வேண்டுமானாலும் வலி எடுக்கலாம். பீர்க்கன்கரணை ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டதால் ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மறுக்கிறார்கள். வலி எடுப்பதற்குள் கார் ரிப்பேர் புத்தகத்தைப் பார்த்து நானே அச்சைப் பூட்டிவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

பேரிங்குகளை ஒட்டிக் காகிதம்போல் மெல்லிய தகடுகள் இருந்தன. இடப்பக்கத் தகடுகள் இடப்பக்கமே போக வேண்டும், வலப்பக்கத்தவை வலப்பக்கமே. நானோ எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லியதிலிருந்து தடித்தது வரை செய்தித்தாளில் வரிசையாக அடுக்கிவிட்டேன். வருடா வருடம் வகுப்பு போட்டோவுக்குப் பையன்களை உயர வரிசையில் நிறுத்திய வாத்தியார் கை அப்படித்தான் போகும்.

மனைவி மெர்சி எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, பிரேயருக்கு மாதிரி ஹைட் வாரியா நிக்க வெச்சிருக்கீங்க? எது எந்தப் பக்கம்னு தெரியுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒருமுறை சக்கரம் சுற்றவே இல்லை. இன்னொருமுறை சுற்றியது, ஆனால் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல் உள்ளே நறநறத்தது.

ஸ்டெல்லா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஓடுமாப்பா?"

"ஓடும்மா. நீ போய்ப் படு."

விடை தெரியாத கணக்குக்கு நான் யாருக்கும் மார்க் போட்டதில்லை. இன்று எனக்கே போட்டுக்கொண்டேன்.

மழை விடவில்லை. ஸ்டெல்லாவின் அறையில் விளக்கு எரிகிறது. தண்ணீர் குடிக்க எழுந்திருப்பாள். தண்ணீர் குடிக்கத்தான்—