நீ திறந்து வைத்துவிட்டுப் போன ஃபைல்

மச்சான்,

இன்று காலை ஆபீஸ் சர்வரில் மறுபடியும் கணக்கு உதைத்தது. மிச்ச இடத்தைக் காட்டும் df கமாண்ட், டிஸ்க் நிரம்பிவிட்டது என்றது. ஃபைல்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கும் du, பாதிகூட ஆகவில்லை என்றது. பக்கத்து சீட் பெண், "ரீஸ்டார்ட் பண்ணிடலாமா சார்?" என்றாள். "தொடாதே" என்று கத்திவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

மேற்குத் தாம்பரத்தில் நாம் கூட்டாக நடத்திய பிரவுசிங் சென்டரில் முதல்முறை இப்படி ஆனபோது நீ சிரித்தாய். எட்டு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய லினக்ஸ் சர்வர். பெரிய ஃபைலாகப் பார்த்து அழித்தேன், இடம் காலியாகவில்லை. "அழிச்சிட்டா போயிடுமா மச்சான்? எதுவோ ஒண்ணு இன்னும் அத்த புடிச்சுகினு கீது. அது வுடற வரைக்கும் ஃபைல் உள்ளதான் இருக்கும்" என்றாய். lsof என்று தட்டி, அழிந்த ஃபைலை எந்த ப்ரோக்ராம் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டினாய். அப்போதும்கூட நகல் எடுத்துக் காப்பாற்றிவிடலாம். ரீஸ்டார்ட் செய்தால்தான் கதை முடிந்தது.

எனக்கோ சுத்தப் பைத்தியம். தற்காலிக ஃபோல்டரில் ஒரு வாரம் யாரும் தொடாத பெரிய ஃபைல்களைத் தானாகவே அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். "உன் தொடப்பத்துக்குக் கண்ணே இல்ல" என்று கிண்டல் செய்தாய்.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை முற்றியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சர்வர் திரையைக் காட்டி, "ஒண்ணியும் மூடாத, வந்து மிச்சத்த முடிக்கறேன்" என்றாய். ஏதோ வேலை என்று நினைத்தேன். பத்தாம் நாள் நீ இல்லை.

காரியம் முடிந்து சென்டரைத் திறந்தால் டிஸ்க் ஃபுல். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த கூட்டம் வாசல்வரை நின்றது. df ஒன்று சொன்னது, du வேறு சொன்னது. எனக்கு எல்லாம் தெரியும் மச்சான். தெரிந்தும் lsof தட்டவில்லை. உன் நாற்காலியில் உட்கார மனசு வரவில்லை. நின்றபடியே ரீசெட் பட்டனை அமுக்கினேன். இடம் காலியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் உன் மனைவி கைக்குழந்தையோடு வந்தாள். "அண்ணா, பாப்பா பெரிசானா கேக்கட்டும்னு தெனமும் இங்க பேசிப் பதிஞ்சு வெச்சிருக்கேன்னு சொன்னாரு. ஒரு தடவ போடுங்கண்ணா." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தினமும் பேசியதையெல்லாம் ஒரே ரெக்கார்டிங்காகத் தற்காலிக ஃபோல்டரிலேயே வைத்து, பாதியில் நிறுத்திவிட்டு, ப்ரோக்ராமை மூடாமல் போயிருக்கிறாய். ஒரு வாரம் ஆனதும் என் துடைப்பம் ஃபைலின் பெயரைப் பெருக்கித் தள்ளியது. அப்போதும் உன் குரல் உள்ளேதான் இருந்திருக்கிறது, நான் பட்டனை அமுக்கும் வரை.

"அப்படி எதுவும் இல்லையேம்மா" என்றேன். இன்றுவரை அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. என்னை மன்னிக்காதே.

உன் மகள் இப்போது காலேஜ் போகிறாள். வீட்டுக்கு வந்தால், "மாமா, அப்பா மாதிரி பேசிக் காட்டுங்க" என்பாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உன் இழுவையோடு, "அழிச்சிட்டா போயிடுமா மச்சான்?" என்பேன். அவள் சிரிப்பாள். இன்னொரு தடவை என்பாள். உன் குரலில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான், அதுவும் என் தொண்டையில்தான். இப்போதெல்லாம் சளி பிடித்தால்கூடப் பயமாக இருக்கிறது.