முட்டாத மாடு

1961 ஆனி 9
பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். இன்றைக்கு என் வீட்டுக்காரர் தலையில் அச்சு எடுத்தார்கள். நெற்றிக்கு மேலே எலும்பு போன இடம், கைக்குழந்தைக்கு உச்சி துடிக்குமே, அப்படித் துடிக்கிறது. மாவு மாதிரி எதையோ குழைத்து அதன்மேல் அப்பினார்கள். அந்த அச்சுக்குத் தகடு அடித்து உள்ளே வைப்பார்களாம். இவர் தலைக்கென்றே செய்வதாம். வேறு யாருக்கும் பொருந்தாதாம்.

எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். "மாடு முட்டிடுச்சுங்க" என்றார் இவர். நான் வாயைத் திறக்கப் போனேன். என் கையை அழுத்தினார்.

மாடா? கிணற்றுத் தண்ணீர் முறைக்காக மண்வெட்டிக் காம்பால் அடித்தது சின்னசாமி. இவர் கூடப்பிறந்த தம்பி. நான் பார்க்க அடித்தான்.

ஆனி 12
ஊரில் செவலைக் காளையைச் சின்னசாமி விற்றுவிட்டானாம். முட்டுகிற மாடு வீட்டில் இருக்கக் கூடாதாம். கீழ்பென்னாத்தூர்க்காரர் ஓட்டிப் போனாராம். பிள்ளையில்லாத வீட்டில் நான் கன்றிலிருந்து வளர்த்த காளை. பாவி, பாவி.

ஆவணி 3
ஊருக்கு, வேங்கிக்காலுக்கு வந்துவிட்டோம். குழி மூடிவிட்டது. மயிர் வளர்ந்தால் ஒன்றுமே தெரியாதாம். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

1962 சித்திரை 20
வெயிலில் தகடு காய்கிறதென்று தலையில் ஈரத்துண்டோடு ஏர் ஓட்டுகிறார். தம்பி வரப்பில் குடை பிடித்து நிற்கிறான். கேட்டால், "வுடு, அவனும் என் ரத்தந்தானே" என்கிறார். அந்த ரத்தத்தைத் துடைச்சவ நானு.

1963 தை 17
விஷக் காய்ச்சல். போய்விட்டார்.

தை 18
சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். எலும்போடு தகடும் கிடைத்ததாம், கறுத்து, வேகாமல். சின்னசாமி முள்ளுப்புதரில் வீசிவிட்டானாம். இது எலும்பு இல்லையே என்றானாம். கூடப் போன பக்கத்து வீட்டுச் சகாதேவன் அதை எடுத்து வந்து கொடுத்தார். உள்ளங்கை அகலம். தடவிப் பார்த்தேன். அவர் நெற்றி. அதே வளைவு.

எலும்பு இல்லையாம் — எலும்பை உடைச்சவன் சொல்றான்.

மாசி 3
கருமாதி. பங்காளிகள் அத்தனை பேரும் இருந்தார்கள். தகட்டைச் சின்னசாமி முன்னால் வைத்தேன். "இதையும் ஆத்துல வுடணும். நீயே வுடு. இது எதுனால வந்துச்சுன்னு சொல்லிட்டு வுடு" என்றேன். ஜாஸ்தி பேசாதே என்று ஒரு பெரியவர் அதட்டினார். தகட்டை மடியில் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இவருமல்லவா பொய் சொல்லிவிட்டுப் போனார்? செத்தவரிடம் யார் சண்டை போடுவது?

சின்னசாமி சொல்லாமல் தரமாட்டேன்.

பங்குனி 14
வாசல் வேம்பில் செவலை கட்டியிருந்தது. கழுத்து காய்த்து, விலா எலும்பு தெரிந்தது. என்னை மோந்து பார்த்தது. பக்கத்தில் சின்னசாமி.

எதிர்வீட்டுச் சந்திரம்மாள் தன் குழந்தையை இழுத்துக்கொண்டு, "முட்ற மாட்ட எதுக்குப்பா மறுபடி கொண்டாந்த?" என்றாள்.

"இது முட்டாதுக்கா" என்றான். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அன்னைக்கும் முட்டல. நான்தான் அடிச்சேன்."

உள்ளே போய்த் தகட்டை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன்.

மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன். அவனுக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.