முதல் அறையின் சாவி

ஜனவரி 12

என் வாலுப் பெண்ணுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். நீ போனில் பேசினால் எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது. முப்பத்தாறு வருஷம் லிப்ட் மோட்டார் ஓடும் அறைக்குள் காதைக் கொடுத்ததற்குக் கிடைத்த பரிசு. அதனால் வழக்கம்போலக் கடிதம்.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். ரிடையர் ஆனதிலிருந்து கம்ப்யூட்டரில் என்னவோ நோண்டிக்கொண்டிருந்தேனே, அது ஒரு விளையாட்டு. ரோல்பிளேயிங் கேம் என்கிறார்கள். விளையாடுகிறவர் கதைக்குள் ஒரு ஆளாகவே மாறி நடக்கலாம், பேசலாம், சண்டை போடலாம். என் கதையில் அந்த ஆள் ஒரு லிப்ட் மெக்கானிக். ஏழு மாடிக் கட்டடத்தில் லிப்ட் பழுது. மாடி மாடியாகச் சரிசெய்துகொண்டே ஏறி, ஏழாவது மாடியில் இருக்கும் மகளிடம் போய்ச் சேர வேண்டும். "அறுபத்திரண்டு வயசுல பொம்மை விளையாட்டு" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

என்னைப்போலப் பொழுதுபோக்காக கேம் செய்கிறவர்களுக்கு ஒரு இணையதளம் இருக்கிறது. ஒருவர் செய்ததை மற்றவர்கள் விளையாடிப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். அங்கே போடுமுன் நீ பார்த்துவிட வேண்டும். மாத்திரை கம்பெனியில் நாள் முழுக்கக் குறை கண்டுபிடிக்கத்தானே உனக்குச் சம்பளம்? எனக்கும் குறையைத்தான் சொல்ல வேண்டும். "லிப்ட் சரியில்லை" என்று கம்ப்ளெயின்ட் வந்தால் எங்களுக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்த மாடி, எந்த பட்டன், என்ன சத்தம்? இந்த மூன்றும் இருந்தால்தான் பழுது பிடிபடும். அப்படி எழுது.

உன் அப்பா


பிப்ரவரி 2

அன்பு அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே ஆடிட் நடக்கிறது, மூச்சுவிட நேரமில்லை.

கேம் பிரமாதம் அப்பா! ஏழு மாடியும் ஏறிவிட்டேன். சண்டைகள் விறுவிறுப்பு. கடைசியில் அப்பாவும் மகளும் சந்திக்கும் இடத்தில் அழுதே விட்டேன். குறை என்று ஒன்றுகூட இல்லை. தைரியமாக இணையத்தில் போடுங்கள்.

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வாலு


பிப்ரவரி 9

வாலு,

உன் கடிதத்தை நான் நான்கு தடவை படித்தேன். அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தும் காட்டினேன். "அழுதாளா? நம்ம பொண்ணா?" என்று கேட்டு, அவளே வாங்கி இன்னொரு தடவை படித்தாள். நீ கல்யாண மண்டபத்திலேயே கண் கலங்காதவள் ஆயிற்றே.

இன்று காலையே இணையதளத்தில் போட்டுவிட்டேன். அங்கே என் பெயர் லிப்ட்காரர். கேமுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "சோதித்துப் பார்த்தவர் என் மகள், மருந்துத் தரப் பரிசோதகர். முழுவதும் விளையாடி, குறையில்லை என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன்." கொஞ்சம் அலட்டல்தான், பொறுத்துக்கொள்.

அப்பா


பிப்ரவரி 20

வாலு,

ஒரு சங்கதி கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

பதினான்கு பேர் என் கேமை எடுத்தார்கள். பதினான்கு பேரும் முதல் அறையிலேயே நிற்கிறார்கள். கதவு பூட்டியிருக்கிறதாம், சாவி எங்கேயும் இல்லையாம். "தாத்தா நம்மள உள்ள வச்சுப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாரு" என்று ஒருவன் எழுதியிருந்தான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் மகள் கடைசிவரை விளையாடி அழுதிருக்கிறாள், உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு" என்று எல்லோருக்கும் பதில் போட்டேன். அதற்கு இன்னொருவன், "உங்க மகளுக்குச் சுவருக்குள்ள புகுந்து போகத் தெரியும்போல" என்றான். அதற்கு முப்பது பேர் சிரித்திருந்தார்கள்.

பிறகு நானே முதலிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி. டிசம்பரில் ஒருநாள் அம்மா கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்து, "ஒரு ரூம்ல இவ்வளவு சாமானா, அந்த அலமாரியைத் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். சாவி அதற்குள்தான் இருந்தது. நான் எப்போதும் இரண்டாவது மாடியில் சேமித்து வைத்த இடத்திலிருந்தே ஆடிப் பார்ப்பவன். என்னிடம் பழைய சாவி இருந்தது, அதனால் தெரியவில்லை.

உனக்கு அனுப்பியதிலும் அந்தச் சாவி இல்லை. இப்போது பார்த்தேன்.

நீ எப்படியம்மா வெளியே வந்தாய்?

அப்பா


மார்ச் 1

அப்பா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் வேறு கம்ப்யூட்டர் என்று எழுதினேன். ஒன்றில் நண்பர் யாரோ உதவியதாக எழுதினேன். இன்னும் பொய் சொல்லத்தான் கை போகிறது.

நான் விளையாடவே இல்லை. அந்தப் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகக்கூட இல்லை. மேஜையில் பேனா ஸ்டாண்டுக்குள் போட்டேன், அங்கேயே கிடந்தது. இரண்டு வாரம் கழித்து உங்களுக்குப் பதில் போடவில்லையே என்று உறுத்தியது. உங்கள் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏழு மாடி, சண்டை, மகள் என்று அதில் இருந்ததையே திருப்பி எழுதினேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். அழுதேன் என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான் யோசித்தேன்.

ஒரு மாத்திரை அட்டையில் எழுத்து மங்கலாக இருந்தால் அந்தப் பெட்டி முழுவதையும் நிறுத்துகிறவள் நான். பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும். உங்களுக்குப் பார்க்காமல் போட்டேன். நீங்கள் எனக்காக முன்பின் தெரியாதவர்களிடம் வாதாடினீர்கள் என்று படித்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த இணையதளத்துக்குப் போய் எல்லாவற்றையும் படித்தேன். அந்த முப்பது பேரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை அப்பா, என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். அங்கே கணக்கு ஆரம்பித்து, "அந்த மகள் நான்தான், விளையாடாமலே சொன்னேன்" என்று எழுதிவிட்டேன்.

சரிசெய்ததை அனுப்புவீர்களா? கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

வாலு


மார்ச் 10

வாலு,

அனுப்பியிருக்கிறேன். சாவி இப்போது சுவரில் ஆணியில் தொங்குகிறது.

அவசரம் இல்லை. விளையாடாவிட்டால் விளையாடவில்லை என்று எழுது. அது போதும்.

அப்பா


ஏப்ரல் 6

அப்பா,

விளையாடினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. நீங்கள் கேட்டபடியே எழுதுகிறேன்.

முதல் மாடி நடைபாதையில் மூன்று அடிக்கு ஒரு எலி வந்து சண்டைக்கு நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு எலி. பத்தாவது எலியில் எனக்கு அலுத்துவிட்டது. ஐந்து போதும், அதில் ஒன்று பெரிதாக இருக்கட்டும். மூன்றாவது மாடி டாக்டர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. என்டர் பட்டனைப் பதினேழு தடவை தட்டினேன். அவசரத்தில் தட்டியதில், அவர் ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்று சொன்னதைத் தவறவிட்டு, அரைமணி நேரம் சுற்றினேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள் அவரை. நான்காவது மாடியில் பச்சை ஒயரும் நீல ஒயரும் எனக்கு ஒரே நிறமாகத் தெரிகின்றன, மூன்று தடவை ஷாக் அடித்துச் செத்தேன். செத்தால் ஒவ்வொரு தடவையும் இரண்டாவது மாடிக்கே போக வேண்டியிருக்கிறது. சேமிக்க நடுவில் இன்னொரு இடம் வேண்டும். பாட்டு எட்டு வினாடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. இப்போது குளிக்கும்போதும் அதுதான் வாயில் வருகிறது.

லிப்ட் கதவு மூடும் சத்தம் நிஜமானது, நீங்களே பதிவு செய்தீர்களா? அதைக் கேட்க இரண்டு மாடி சும்மா ஏறி இறங்கினேன். ஐந்தாவது மாடிக் கிழவரிடம் இரண்டாம் தடவை பேசினால் வேறு பதில் சொல்கிறார், மூன்றாம் தடவை வேறு. அவரிடம் ஒன்பது தடவை பேசினேன். எதையும் விட்டுவிடக் கூடாது என்று பயம்.

ஏழாவது மாடி. ஜன்னல் ஓரம் மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை மாடி ஏறி வந்த மனுஷர் பக்கத்தில் போய் நிற்கிறார். அவள் திரும்பாமலே, "சூப்பர்ப்பா, கலக்கிட்டீங்க" என்கிறாள். முடிந்தது, நன்றி என்று வருகிறது.

அது நான் சொன்னது. போன லீவில் நீங்கள் செய்ததைக் காட்ட லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். நான் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். அதையா ஏழு மாடி ஏறியதற்குப் பரிசாக வைத்தீர்கள்? என்னைக் குத்திக்காட்ட வைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீங்கள் அப்படிச் செய்கிறவர் இல்லை. நிஜமாகவே பாராட்டு என்று நினைத்துத்தான் வைத்திருப்பீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். அவளைத் திரும்பிப் பார்க்க வையுங்கள்.

வாலு


ஏப்ரல் 15

என் வாலுப் பெண்ணுக்கு,

ஐந்து பக்கம்! மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். எலிகளைக் குறைத்தாயிற்று. டாக்டரின் வாயை அடக்கியாயிற்று. நீல ஒயர் இனி மஞ்சள். பாட்டை மாற்ற மாட்டேன், அதை நானே வாசித்தேன்.

இணையதளத்தில் நீ எழுதியதைப் பார்த்தேன். சுவர் ஜோக் அடித்தவனே அதைப் படித்துவிட்டு கேமை மறுபடி எடுத்திருக்கிறான். நான்காவது மாடியில் ஷாக் வாங்கிக்கொண்டிருக்கிறானாம்.

கடைசி வரியை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீ சொன்ன வார்த்தை, எப்படிச் சொன்னாலும் நீ சொன்னது. ஆனால் நன்றி என்று வருவதை எடுத்துவிட்டேன். அந்த வரிக்குப் பிறகு எந்தப் பட்டனையும் தொடாமல் மெக்கானிக்கை அங்கேயே நிற்க விட்டால், ஒரு நேரத்தில் அவள் திரும்புவாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன். பாதியில் ஏதாவது ஒன்றைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும்.

புதிய பென் டிரைவ் இதோடு.

அப்பா


ஏப்ரல் 24

அப்பா,

மாடி: ஏழு.

பட்டன்: எதையும் தொடவில்லை. முதல் தடவை நான்கு நிமிஷத்தில் போன் அடித்தது, எடுக்கப்போய்க் கை பட்டுவிட்டது. போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். பதினொரு நிமிஷம். திரும்பினாள். "வந்து ரொம்ப நேரமாச்சாப்பா? கூப்பிட வேண்டியதுதானே?" என்றாள். அன்றைக்கு நீங்கள் என் பக்கத்தில் நின்றது பதினொரு நிமிஷமா அப்பா?

சத்தம்: அதை மட்டும் எழுத மாட்டேன். அந்த வார்த்தையைப் பிப்ரவரியிலேயே பொய்யாகச் செலவழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை ஆட வேண்டும்.

வாலு