பஸ்ஹுக்கு ரெண்டு சாட்சி

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடிய இருந்து மழை. தைக்க இரிக்கிறது: ஸ்கூல் சட்டை 6, பர்தா 2. ஒண்டும் தொடல்ல.

கலியாண வழக்குக் கேக்கிற காதியார்ட வீட்டுக்குப் போன. கலியாணத்த முறிக்கக் கேட்டு நான் எழுதின மனுவ வாசிச்சார். கண்ணாடியக் கழட்டினார். "சபுர் செய் புள்ள." ரெண்டு வருஷம் பொறுத்தாச்சி, இனிக் கையில இல்ல எண்டன்.

அவர் சொன்ன வழி மூண்டு.

1. என்ட புருஷன், இவன், தலாக் சொல்றது. சொன்னா எனக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி, இத்தா இரிக்கிற மூண்டு மாசச் செலவு எல்லாம் இவன்ட தலையில. அதால சொல்லமாட்டான். கொழும்பில இன்னொருத்தியோட குடித்தனம், எனக்கு விடுதலையும் இல்ல.
2. நான் மஹர விட்டுக்குடுத்து, இவன்ட சம்மதம் கேட்டுப் போறது. கெஞ்சிற வழி.
3. பஸ்ஹு, பொண்டாட்டி கேட்டுக் காதியார் கலியாணத்த முறிக்கிறது. புருஷன் செலவுக்குத் தரல்ல எண்டு நான் காட்டணும். விஷயம் தெரிஞ்ச ரெண்டு ஆம்பிளைச் சாட்சி.

மூண்டாவது எண்டன். ஞாயிற்றுக்கிழமை விசாரணை.

(ஊருக்கு முன்னால 'அவர்'. கொப்பியில மட்டும் 'இவன்'.)

கைக்கூலியத் திருப்பி எடுக்க ஏலுமா எண்டு கேட்டன். கலியாணப் பதிவப் பார்த்தார். கைக்கூலி: இல்லை. என்ட கண்ணுக்கு முன்னால வாப்பா இவன்ட கையில எண்ணி வெச்ச காசு. எழுதினா மாப்பிள்ளை வீட்டாருக்கு வெக்கமாம். 'இல்லை' எண்டு போட்டு, கீழ வாப்பா கையெழுத்தும் வெச்சிரிக்கார். வாப்பா மௌத்தாகி அஞ்சு வருஷம். வட்டி ஹராம் எண்டு சொன்ன மனுஷன், அவர் மறைச்ச வெக்கத்துக்கு நான் வட்டி கட்டுறன்.

ஒக். 9, வியாழன்

வெயில். மகளுக்குச் சளி. கொத்தமல்லி அவிச்சிக் குடுத்த.

முதல் சாட்சி சரி. சில்லறைக் கடை ஹாஜியார். "கடனுக்கு அரிசி தந்த எனக்குத் தெரியாதா புள்ள? வாறன்."

ரெண்டாவது, காக்கா. கூடப்பொறந்த மூத்தவர், எல்லாம் தெரிஞ்சவர். ஆனா எங்கட மாற்றுக் கலியாணம். என்ன இவன் கட்ட, இவன்ட தங்கச்சியக் காக்கா கட்டின, அவ எனக்கு மதினி. ஊர் வழக்கத்துக்கு ஆம்பிளைதானே பொண்ணுட வீட்டுக்குப் போய் இரிக்கிற. இவன் என்ட வீட்டில இரிந்தான். காக்கா இவன்ட உம்மா, மாமிட வீட்டில.

காக்கா நிலத்தப் பார்த்துக்கிட்டே கதைச்சார். "நான் சாட்சி சொன்னா எனக்குப் படுக்க இடமில்ல தங்கச்சி."

உண்மையச் சொல்லத்தான் கேட்டன், உயிரக் கேக்கல்ல எண்டன். சோத்தத் திண்டு முடிக்காம ஒழும்பிப் போயிட்டார். எனக்கு ஆத்திரம். அவர் விட்டுட்டுப் போன மீனையும் நானே திண்ட.

நூல் வாங்கப் போன கடையில ரெண்டு பேர், நான் நிக்கிறது தெரியாம:
"பொம்புளை கோடு, வழக்கு எண்டு ஏறினா அந்த வீடு வெளங்குமா?"
"அவள்ட வாய்க்கு எந்தப் புருஷன் இரிப்பான்?"
ரெண்டு வருஷம் பொத்திக்கிட்டிரிந்த வாய். இப்பதான் தெறக்குது. பச்சை நூல் இல்லையாம்.

ஒக். 11, சனி

பர்தா ரெண்டும் முடிஞ்சி.

அஸர் தொழுகைக்குப் பொறகு மாமி வந்தா. தேத்தண்ணி குடுத்த. மகன் நேத்துக் கொழும்பில இருந்து வந்து தன்னோட தங்கியிரிக்காராம். மனுவ வாபஸ் வாங்கட்டாம். இல்லாட்டி, "உன்ட காக்காட உடுப்பக் கட்டி வெச்சிட்டன். மறுகா அவர்ட புள்ளைகள் வாப்பா இல்லாம வளர்ந்தா, அந்தப் பாவம் உனக்கு."

"அனுப்புங்க மாமி. இஞ்ச ரெண்டு அறை இரிக்கி."

சொல்லிட்டன். அவ போனதும் கதவப் பூட்டிட்டன். பயம்தான், வேறென்ன? என்ட கழுத்துக் கயிறக் கழட்டப் போய் மதினிட குடும்பத்த அறுத்துப் போடுவனோ? அழுத. நல்லா அழுத. ஆனா வாபஸ் வாங்கமாட்டன். என்ட புள்ளையும்தான் வாப்பா இல்லாம வளருது, அதுக்கு ஆர்ட பாவம்?

ஒக். 12, ஞாயிறு

மழை. காதியார்ட வீடு. நாங்க பொம்புளையள் உள் அறையில, திரைக்குப் பின்னால. மாமி எனக்கு நேர முன்னால. திரை இடுக்கால மண்டபம் தெரியிது: காதியாரோட சேர்ந்து விசாரிக்கிற ஜூரிமார் மூண்டு பேர். இவன் புதுச் சட்டையில.

ஹாஜியார் சொன்னார், சுருக்கமா, சுத்தமா.

"ரெண்டாவது சாட்சி?"

ஆளில்ல. காதியார் வாசலப் பார்த்தார். பேனைய மூடினார். மாமிட மூஞ்சியில ஒரு சிரிப்பு. நான் அப்பவும் ஒழும்பல்ல.

வாசல்ல சத்தம். காக்கா, தெப்பமா நனைஞ்சி. அவருக்குப் பின்னால மதினி, கைப்புள்ளையோட. நேர உள்ளுக்கு வந்து எனக்குப் பக்கத்தில இரிந்தா.

மாமி திரைக்கு இஞ்சால இருந்தே கத்தினா: "மருமகன், வாயத் தெறந்தா என்ட வீட்டுப் படிய மிதிக்கப்படா."

மதினி புள்ளைய மடியில மாத்தினா. சத்தம் போடல்ல. "வீடு என்ட பேரில உம்மா. கலியாணத்துக்கு நீங்கதான் எழுதித் தந்த. ஆர் இரிக்கிற, ஆர் போற எண்டு நான் சொல்றன்."

இத நாங்க ஒருத்தரும் யோசிக்கல்ல. காக்காவும் யோசிக்கல்ல.

காக்கா சொன்னார். "ரெண்டு வருஷமா ஒரு சதம் குடுக்கல்ல. எனக்குத் தெரியும்." காதியார் ஜூரிமாரோட கதைச்சிட்டு எழுதினார். பஸ்ஹு.

வெளிய எல்லாரும் செருப்புத் தேடுறாங்க. இவன் திண்டாடிக்கிட்டு நிண்டான். தங்கச்சியப் பார்த்து, மெதுவா: "அப்ப இண்டைக்கி நான் எங்க தங்கிற?"

மதினி புள்ளைட தலையச் சேலையால மூடிக்கிட்டு மழையில இறங்கினா. மாமி நிலத்தப் பார்த்தா. மறுகா இவன் என்னப் பார்த்தான், பழக்கத்தில.

எனக்குத் தெரியாது எண்டன்.