மேட்டோரமாச் சுத்தி வா

அக்கா,

காலையில் அடுப்பில் கம்பியைக் காயவைத்து, பழைய ரப்பர் செருப்பை நறுக்கித் தூண்டில் தக்கைக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். கருகல் வாடை வீடு முழுக்கப் பரவியதும் உங்கள் கொழுந்தன் எழுந்து வந்தார். "மதினி இருக்கையில வர்ற வாடை" என்றார். அப்புறம் வாசலில் போய் நின்றவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீங்கள் மூத்த மருமகள். மீமிசலில் கடலோரம் வளர்ந்த உங்களுக்கு, ஐப்பசியில் வந்து தையில் வற்றிப்போகும் வெள்ளாறு சிரிப்பாக இருந்தது. ஆனாலும் தண்ணீர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே தெருப்பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவீர்கள். உங்கள் மகள் தர்ஷினிதான் முன்னால் ஓடுவாள்.

ஆளுக்கொரு மூங்கில் குச்சி. தூண்டிலின் நைலான் நரம்பு குச்சியின் நீளத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் பக்கத்துப் பிள்ளையின் காதில் மாட்டும். தக்கைக்குச் செருப்புத் துண்டு, ஈயத்துக்குப் பதில் சைக்கிள் நட்டு, முள்ளில் ஒரு மண்புழு. அவ்வளவுதான். முள்ளின் உள்பக்கத்து எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிடுவீர்கள். மீன் நழுவிவிடுமே என்று கேட்டதற்கு, "போனாப் போகட்டும். பிள்ள கையில ஏறுனா நோகாம வரணும்" என்றீர்கள். பிள்ளைகளை உட்காரவைக்கும் முன் நீளக்கழியால் கரையோரம் முழுக்கக் குத்திக் குத்தி ஆழம் பார்ப்பீர்கள். எனக்கு அது அதிகப்படியாகத் தெரியும். கடலில் நீந்தியவருக்கு முழங்கால் தண்ணீரில் என்ன பயம் என்று நினைப்பேன்.

போன ஐப்பசியில் தர்ஷினியின் தூண்டில் சற்றுத் தள்ளி ஏதோ வேரில் சிக்கியது. முந்தின வாரம் நீங்களே நடந்துபோன இடம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனீர்கள். காலுக்கடியில் தரை இல்லை. நீச்சல் தெரிந்து என்ன செய்ய, பள்ளத்தின் சுவர் சரிந்து மணல் உங்களை மூடிவிட்டது.

மணல் குத்தகைக்காரர் மாலையோடு வந்தார். நம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான் ஆத்துல பள்ளமே வெட்டலங்க. தண்ணி அரிச்சதுக்கு யாரு என்ன செய்ய?" என்றார். எழுந்து போகும்போது, "பொம்பளைக்கு ஆத்துல என்ன வேலை?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முனகியதும் என் காதில் விழுந்தது. அந்த நிமிடம் உங்களுக்காக அழுவதை நிறுத்திவிட்டேன் அக்கா.

போலீசில் தவறி விழுந்ததாக முடித்துவிட்டார்கள். ஊரும் அதையே சொன்னது. தர்ஷினி மட்டும் வேறு சொன்னாள். ஒருநாள் தலைவாரிவிடும்போது, "நான் தூண்டில அறுத்து விட்டிருந்தா அம்மா போயிருக்காதுல்ல சித்தி?" என்று கேட்டாள். கையில் இருந்த சீப்பை அந்த ஆளின் கழுத்தில் இறக்க வேண்டும் போல இருந்தது.

மார்கழியில் தூண்டில்களை எடுத்தேன். உங்கள் கொழுந்தன் தடுத்தார். "அந்த ஆளு டிராக்டர் எறங்குற வழியிலதான் உக்காரப் போறேன். நாங்க இருக்க வரைக்கும் ஒரு வண்டி எறங்காது" என்றேன். தர்ஷினியைக் கையைப் பிடித்து அழைத்துப்போனேன். ஆற்றுக்கே வரமாட்டேன் என்றவள், நான் கழியால் ஆழம் பார்த்த பிறகு என் மடியை ஒட்டி உட்கார்ந்தாள். அடுத்தடுத்த வாரம் மற்ற பிள்ளைகளும் வந்தார்கள். டிராக்டர்கள் மேலே நின்று ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பின. அந்தச் சத்தம் எனக்கு இனித்தது.

ஒரு ஞாயிறு, பள்ளிக்கூடச் சிநேகிதிகளோடு குத்தகைக்காரரின் பேத்தியும் வந்துவிட்டாள். திருப்பி அனுப்பியிருக்கலாம். நான் அனுப்பவில்லை. அவளைத் தேடி அவர் இந்தக் கரைக்கு இறங்கி வரட்டும் என்றுதான் ஒரு தூண்டிலைக் கொடுத்தேன்.

வந்தார். ஜீப்பை நிறுத்திவிட்டு, கரை வளைகிற இடத்துக்கு அந்தப்பக்கச் சரிவில் நின்றார். பின்னால் அவருடைய ஜேசிபி டிரைவர். அந்த நேரம் பேத்திக்கு ஒரு கெண்டை மாட்டியிருந்தது. தாத்தாவிடம் காட்ட, மீனைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நேராக ஓடத் தொடங்கினாள்.

"நேரா வராத பாப்பா! நில்லு! மேட்டோரமாச் சுத்தி வா!"

அப்படி ஒரு குரல் அவரிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை. பிள்ளை நின்றுவிட்டாள். "முழங்கால் தண்ணிதான தாத்தா?" என்றாள்.

அவளைக் கரைக்கு இழுத்துவிட்டு நான் கழியை எடுத்துப் போனேன். நீங்கள் போன இடம் வடக்கே கிடக்கிறது. இது வேறு இடம், தண்ணீர் ஒரே மட்டமாகத் தெரிந்தது. குத்தினேன். கழி முழுக்க உள்ளே போனது. என் கையும் முழங்கைவரை நனைந்தது.

"பள்ளமே வெட்டலன்னீங்க" என்றேன். "இது இங்க இருக்கது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிள்ளைகள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பேத்தியும் பார்த்தாள். அவர் கையை நீட்டினார், அவள் பிடிக்கவில்லை, தானாகவே மேட்டோரமாக நடந்து ஜீப்புக்குப் போனாள். அந்த மனிதர் அத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு நின்றதைக் கண்ணாரப் பார்த்தேன். பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் ஜேசிபி டிரைவர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "ரெண்டு பள்ளத்தையும் வெட்டுனது நாந்தாங்க. அவரு சொல்லித்தான். எங்க வந்து சொல்லணும்னாலும் சொல்றேன்" என்றார். சொல்லவும் செய்தார். வழக்கை மறுபடி எடுத்திருக்கிறார்கள். வாய்தாவுக்கு வாய்தா, நீதிமன்றத்தில் முன்வரிசையில் குத்தகைக்காரர் பார்வையில் படும்படி உட்காருகிறேன்.

அன்று டிரைவர் போனதும், கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்ட தர்ஷினி, "அப்ப அது என் தூண்டிலால இல்ல" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் பிள்ளை ராத்திரி முழுக்கத் தூங்கியது.

ஊரில் இப்போது எனக்குப் புத்தி சொல்ல வருகிறார்கள். வயசான மனுசன், பேத்தியே பேசுறதில்ல, விட்டுரு, சாமி பாத்துக்கும் என்கிறார்கள். நீங்கள் இருந்தால் நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். மன்னியுங்கள் அக்கா, இந்த ஒன்றில் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டேன். உங்கள் பிள்ளையைச் சுமப்பது போலவே இந்தக் கோபத்தையும் சுமக்கிறேன், இறக்கிவைக்கத் தோன்றவில்லை.

சாமி பார்க்கட்டும். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.